குழியின் மேல் பதினைந்து டன்

ஐப்பசி பிறந்தால் தொலைக்காட்சியில் அந்த வாசகம் வந்துவிடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மருமகள் மொட்டை மாடியில் காயும் துணியை நினைப்பாள். பேத்தி பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்று கைபேசியைப் பார்ப்பாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேன். நானும் சொல்வதில்லை. எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

போன ஐப்பசியில் அப்படிப் போக முடியவில்லை. மழைச் செய்தி முடிந்த கையோடு அடுத்த செய்தி வந்தது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், தோல் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி உயிரிழந்தார்.

தாக்கியதாம். நாய் தாக்கியது, யானை தாக்கியது என்பதுபோல. வாயு யாரையும் தாக்குவதில்லை. அது தன் பாட்டுக்கு இருட்டில் கிடக்கிறது. அங்கே ஒரு மனிதனை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டைத் தரையில் எறிந்தேன். மூடி கழன்று பேட்டரி இரண்டும் அலமாரிக்கு அடியில் ஓடின. மருமகள் பயந்துபோய், "இன்னா மாமா ஆச்சு, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அனுப்பியவன் நான். அந்தத் தொழிலாளியை அல்ல. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொருவரை. அதை இங்கே எழுதுகிறேன். ஒளித்து எழுதும் வயது தாண்டிவிட்டது.

நான் ரசாயனம் படித்தவன். முதுகலைப் பட்டம். ஆம்பூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருடத்துக்கு மேல் கெமிஸ்டாக இருந்தேன். வெள்ளைச் சட்டை, மேசை, மின்விசிறி. எல்லாரும் என்னைக் கெமிஸ்ட் சார் என்பார்கள். தோல் உள்ளே வருவது முதல் பதமாகி வெளியே போவது வரை எந்த டிரம்மில் எந்த மருந்து எத்தனை கிலோ என்பது என் கையெழுத்து. வெளியே போகும் தண்ணீரும் என் பொறுப்புதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை.

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்போம். அந்தத் தண்ணீர், வழித்தெடுத்த சவ்வு, கொழுப்பு, மயிர், எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் கழிவுக் குழி. மேலே தண்ணீர் நிற்கும். அடியில் இடுப்பளவு சேறு. சேற்றுக்குள் காற்றுப் புகாது, அங்கே அழுகும். அழுகலில் ஒரு வாயு பிறக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று புத்தகத்தில் போட்டிருப்பான். காற்றைவிடக் கொஞ்சம் கனம். ஆகவே குழியை விட்டு வெளியே வர அவசரப்படாது.

சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் காற்றழுத்தமானி ஒன்று வாங்கி, என் மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். வட்டமான பித்தளைச் சட்டம், கண்ணாடி, உள்ளே ஒரு ஊசி. ஊசிக்குப் பின்னால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட சின்ன உலோகப் பெட்டி. வெளிக்காற்று அழுத்தினால் பெட்டி அமுங்கும். அழுத்தம் குறைந்தால் நிமிரும். அந்த மயிரிழை அசைவை ஊசி பெரிதாக்கிக் காட்டும். தினமும் காலை எட்டரைக்கு அதைப் பார்த்து ஒரு நோட்டில் குறிப்பேன். டேனரி வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் ஷெட்டுக்குள் தோல் தூக்கும்போது, நான் வானத்தை அளக்கிறவன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அவ்வளவுதான்.

குழிப் பக்கம் வேலை செய்தவர்கள் என்னிடம் ஒன்று சொல்வார்கள். "மழை வரப் போவுது சார், குழி ஜாஸ்தி நாறுது." முதலில் சிரித்தேன். பிறகு நோட்டில் அதையும் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு மழைக்காலம் குறித்ததில் அவர்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. ஊசி இறங்கிய நாளெல்லாம் குழி நாறியது.

காரணம் எளிது. காற்றுக்கு எடை உண்டு. நம் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே ஆகாயம் முடியும் வரை அடுக்கி வைத்த காற்று அது. பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை. எங்கள் குழியின் வாய் நாலடிக்கு நாலடி. அதன்மேல் உட்கார்ந்திருந்த காற்று பதினைந்து டன். ஒரு லாரி லோடு. அந்தப் பாரம் தண்ணீரை அழுத்துகிறது, தண்ணீர் சேற்றை அழுத்துகிறது, சேற்றுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் சுருங்கிக் கிடக்கின்றன. கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று கொஞ்சம் இலேசாகிறது. நூற்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். பதினைந்து டன்னில் நூற்றில் ஒரு பங்கு என்பது இரண்டு ஆள் எடை. மூடியின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போனால் என்ன ஆகும்? குமிழி உப்பும். சேற்றைப் பிளந்துகொண்டு மேலே வரும். கோலி சோடாவில் குண்டைத் தட்டியதும் பொங்குகிறதே, அதே காரியம்தான், மெதுவாக.

இதை நான் மேல்விஷாரத்தில் ஒரு அறிவியல் கூட்டத்தில் பேசினேன். காற்றும் அதன் எடையும் என்று தலைப்பு. கழிவுக் குழிதான் என் உதாரணம். "வானிலை ஆபீசுக்கெல்லாம் முன்னாடி எங்க குழி மழை சொல்லிடும்" என்கிற மாதிரி ஏதோ ஒரு வேடிக்கையும் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். நான் சொல்லப் போவது அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது. அதனால் எனக்குத் தெரியாது என்று எவனாவது எனக்காகப் பேச வந்தால் அவன் வாயில் அந்தச் சால்வையை அடைக்க வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக மேகமூட்டம். காற்றே இல்லை, இலை அசையவில்லை, சட்டை முதுகில் ஒட்டியது. காலை எட்டரைக்கு ஊசியைப் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து அத்தனை இறங்கி நான் பார்த்ததே இல்லை. எழுதினேன். அழகான கையெழுத்தில், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன்.

அன்றைக்கென்று குழித் தண்ணீரை இறைக்கும் மோட்டாரின் ஃபுட்வால்வு, சேற்றுக்குள் இருக்கும் குழாய் வாய், அடைத்துக்கொண்டது. மயிரும் சவ்வும் சுற்றியிருக்கும். மாதம் ஒருமுறை நடப்பதுதான். தண்ணீர் வழிந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. பதினோரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் டேனரியைப் பார்க்க வருகிறார்கள். முதலாளி என் அறை வாசலில் நின்று, "சார், வாசல்ல தண்ணி நிக்கக் கூடாது, எப்படியாவது பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழியில் ஆளை இறக்கு என்று சொல்லவில்லை. எங்கள் முதலாளிகள் கெட்ட வார்த்தையை நம் வாயிலிருந்து வரவைப்பார்கள்.

மேலே நின்ற தண்ணீரை டீசல் பம்ப் வைத்து இறைக்கச் சொன்னேன். ஆறடித் தண்ணீர். அதுவும் சேற்றின் மேல் ஒரு பாரம். காற்றில் குறைந்ததைவிடப் பல மடங்கு பாரம். அதையும் நானே எடுத்துவிட்டேன். இந்தக் கணக்கை நான் அந்த நேரத்தில் போடவில்லை என்று நினைக்காதீர்கள். பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மனசுக்குள் போட்டேன். எனக்குக் கணக்கு தானாக வரும். போட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

குழிக்குள் காற்றடிக்கும் ஊதி மோட்டார் ஒன்று இருந்தது. காயில் எரிந்துபோய் வாணியம்பாடியில் ரீவைண்டிங்குக்குக் கிடந்தது. போய் எடுத்துவர அரை நாள் ஆகும்.

இறங்கி அடைப்பை எடுக்க வந்தவர் திமிரிப் பக்கத்துக்காரர். கிணறு வெட்டும் குடும்பம். கிணறுகள் வறண்டு, ஆழ்துளை வண்டிகள் வந்த பிறகு டேனரிக்கு வந்தவர். குழியில் இறங்க ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். சர்ச்சுக்குப் போகிறவர். பெண்ணுக்கு அப்போது பத்து, பதினொரு வயது இருக்கும். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை "நீ" என்றேன். அவர் என்னை "சார், நீங்க" என்றார்.

கிணற்றுக்காரர்கள் பழைய கிணற்றில் இறங்கும் முன் ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். அணையாவிட்டால் இறங்குவார்கள். அப்பன் பாட்டன் உயிரைக் காத்த வழக்கம். அவர் அன்றும் ஸ்டோர் ரூமிலிருந்து அரிக்கேன் விளக்கை எடுத்துவந்து ஏற்றினார்.

மேஸ்திரி கிண்டல் செய்தார். "இன்னாய்யா, பட்டப்பகல்ல வெளக்கு ஏத்தினு பொண்ணு பாக்கப் போறியா?"

"வெளக்கு இல்லாம எறங்கினா என் பொண்டாட்டி வூட்டுல சேக்க மாட்டா மேஸ்திரி. உன் பொண்டாட்டி மாதிரியா, போனா போவட்டும்னு உடறதுக்கு?"

மேஸ்திரி சிரித்தார். விளக்கு கீழே போனது. குழியின் வாயில் நானும் எட்டிப் பார்த்தேன். சேற்றுக்கு ஒரு முழம் மேலே சுடர் நின்றது. நடுங்கக்கூட இல்லை.

"வெளக்கு எரியுது சார்," என்றார். "எறங்கட்டா?"

பழங்கிணற்றில் இருப்பது வேறு காற்று. அங்கே மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு குறைந்துபோயிருக்கும்; சுடருக்கும் மனிதனுக்கும் தேவை ஒன்றே; சுடர் செத்தால் மனிதனும் சாவான். டேனரிக் குழியில் அப்படி இல்லை. பிராணவாயு வேண்டிய அளவு இருக்கும், சுடர் ஜம்மென்று எரியும், ஆயிரம் பங்கு காற்றில் ஒரு பங்கு அந்த வாயு கலந்திருந்தால் மனிதன் இரண்டு மூச்சில் விழுவான். சுடருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிணற்றில் அவரைக் காத்த விளக்கு இங்கே அவருக்குப் பொய் சொன்னது. அங்கே நின்றவர்களில் அது பொய் என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவனைப் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

"எறங்கு," என்றேன்.

ஏன் என்று நானே என்னை ஆயிரம் முறை கேட்டாயிற்று. பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. வேண்டாம் என்றால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். முதலாளி முகம் சுளிப்பார். மேஸ்திரியிடம் காரணம் விளக்க வேண்டும். இதுவரை பல தடவை இறங்கியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதான். ஒரு மனிதனைக் கொல்ல இவ்வளவு அற்பமான காரணம் போதும் என்பதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. வெறுப்பு இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும்.

இடுப்பில் கயிறு கட்டி, ஏணியில் இறங்கினார். மறுமுனை மேஸ்திரி கையில். சேற்றில் கால் வைத்ததும் குபுகுபுவென்று சத்தம் வந்தது. மேலே வரை நாற்றம் அடித்தது. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். அவர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். பிறகு தலையைத் தூக்கிச் சொன்னார்.

"நாத்தம் போய்டுச்சி சார். இப்ப பரவால்ல."

நாற்றம் போகவில்லை. அந்த வாயு அளவுக்கு மேல் ஏறினால் முதலில் மூக்கைக் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஒருவன் சொன்னால் அவனை அந்த நொடியே மேலே இழுக்க வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் அந்த வரியின் கீழே கோடு போட்டவன் நான். வாயைத் திறந்தேன். சரியாக அப்போது கேட் பக்கமிருந்து கிளார்க் கூப்பிட்டான்: "சார், வண்டி வந்துடுச்சி!" நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு திரும்பல். மறுபடி குழியைப் பார்த்தபோது அவர் முகங்குப்புறக் கிடந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கயிறு இருந்ததால், காப்பாற்ற இன்னொருவர் உள்ளே குதிக்காமல், இழுத்து எடுத்தார்கள். மேலே வந்தபோது மூச்சு இல்லை. தோல் வாங்க வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று உப்புக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கொண்டுபோகச் சொன்னது யார் என்று நினைவில்லை. நானாக இருக்கலாம். அதன் பிறகு வந்தவர்களோடு ஒரு மணி நேரம் நடந்தேன். பதமான தோலைத் தொட்டுக் காட்டினேன். அவர்களோடு டீ குடித்தேன். பிஸ்கட்டும் தின்றேன்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீங்க படிச்சவர் சார். நீங்களே பார்த்து நல்லபடியா எழுதிடுங்க." நான் நல்லபடியாக எழுதினேன். மது அருந்திய நிலையில், எச்சரிக்கையை மீறி, தானாகவே குழியில் இறங்கினார். ஒரே வாக்கியம். அதில் மூன்று பொய். எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. போலீசும் அதையே எடுத்துக்கொண்டது, தெருவும் அதையே எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொஞ்சம் குடிப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குடித்தாரா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேஸ்திரி மட்டும் என்னிடம் வந்து, "அவன் குடிக்கல சார், நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றார். "தெரியும்," என்றேன். அவரும் ஷெட்டுக்குத் திரும்பிப் போனார். அவருக்கும் வேலை வேண்டும்.

ரிமோட்டை உடைத்த மறுநாள் ஆம்பூருக்குப் போய் அந்த மேஸ்திரியைத் தேடினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பல் முக்கால்வாசி போய்விட்டது.

"அட, கெமிஸ்ட் சாரா! இன்னும் போய்ச் சேரலையா நீங்க?"

"நீ இன்னும் இங்கதான இருக்க. எனக்கு முன்னாடி க்யூல நிக்கறவன் நீதான்," என்றேன்.

சிரித்தார். குழியில் செத்தவரின் பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது. "இப்போ போயி இன்னாத்துக்கு சார் அந்தப் பொம்பளையப் பேஜார் பண்றீங்க? நீங்க நிம்மதியா தூங்கணும்னா அவ தூக்கம் கெடணுமா?"

சரியான கேள்வி. அவரே டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண் தாய்வீட்டுப் பக்கம் நாட்றம்பள்ளிக்குப் போய்விட்டாள், மகள் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று வழி சொன்னார். "அடிச்சாங்கன்னா வாங்கினு வாங்க. என் பேரச் சொல்லிடாதீங்க."

மூன்று நாள் உட்கார்ந்து நடந்ததை எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடியும் நேரம் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு நாட்றம்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். மகனிடம் சொல்லவில்லை. அவன் ராணிப்பேட்டையில் டேனரிகளுக்கு ரசாயனம் விற்கிறவன். சொல்லியிருந்தால் இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்றிருப்பான். இந்த வயதிலாவது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சின்ன ஓட்டு வீடு. மகள்தான் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் யார் என்று சொன்னேன். முகத்தில் எதுவும் மாறவில்லை. "உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டாள். அவள் அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஊசி, தண்ணீர், விளக்கு, அவர் கேட்டது, நான் சொன்னது, திரும்பிப் பார்த்தது, அந்த வாக்கியம். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

அம்மாதான் முதலில் கேட்டாள். "அப்போ அவரு குடிக்கலையா?"

"இல்லைம்மா."

"சாமி சத்தியமா?"

"குடிக்கல. நான்தான் எழுதினேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவரு பொணத்தக் கொண்டாந்து போட்டப்ப நான் அழல சார். குடிச்சிட்டு எறங்குனியே, பாவி, உம் பொண்ண நெனச்சியான்னு தெரு பூரா கேக்கற மாதிரி திட்டினேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுவத்தி எடுத்துனு போவாங்க. நான் ஒரு வருஷம்கூடப் போனதில்ல. இருபத்து மூணு வருஷம். ஒரு மெழுவத்தி கொளுத்தல."

எனக்கு இது தெரியாது. நான் ஒரு உயிரைத்தான் எடுத்தேன் என்று கணக்கு வைத்திருந்தேன். செத்த மனிதரிடமிருந்து அவர் பெண்டாட்டியின் அழுகையையும் எடுத்திருக்கிறேன். குழியில் நடந்ததைவிட, மேசையில் உட்கார்ந்து மின்விசிறிக்குக் கீழே எழுதிய அந்த ஒரு வரி பெரிய கொலை.

மகள் என் கையிலிருந்த தாளை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். கம்பெனியில் செருப்பின் தையலைப் பார்க்கிறவள் பார்வை. வரி வரியாக இறங்கியது. ஒரு இடத்தில் நின்றாள்.

"'என் கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"கவனக்குறைவா? நீங்க கவனமாத்தான சார் இருந்தீங்க? மெஷின் பாத்தீங்க. எழுதி வெச்சீங்க. தண்ணி எறச்சா இன்னா ஆவும்னு கணக்குப் போட்டீங்க. வெளக்கு பொய்யின்னு தெரியும். எங்கப்பா நாத்தம் இல்லன்னு சொன்னா இன்னா அர்த்தம்னு தெரியும். உங்கள மாதிரி கவனமா அங்க யாரு இருந்தா?"

பேனாவை நீட்டினாள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியும் அந்தச் சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்ததை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அடித்தேன். "தெரிந்தே" என்று மேலே எழுதினேன். எழுத்து கோணியது.

"இத வெச்சி நாங்க எங்கயாவது போனா, வந்து ஆமான்னு சொல்வீங்களா? இல்ல வயசாயிடுச்சி, ஞாபகம் இல்லன்னுவீங்களா?"

"வருவேன். சொல்வேன்."

"பாக்கலாம்," என்றாள். அதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. சரக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. கையெழுத்துப் போட்டேன். கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது, பெரியவர் கடைசிக் காலத்தில் மனம் திறந்துவிட்டார் என்று என்னைப் புகழ்வீர்களானால், தயவுசெய்து வேண்டாம். அப்படிப் புகழ்ந்து சால்வை போட்ட கைகளை எனக்குத் தெரியும். போன ஐப்பசியில் செத்தவரின் குழிக்கு மேலேயும் ஒரு படித்தவன் நின்றிருப்பான். அவனும் இப்போது நல்லபடியாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருப்பான். அவன் என்னைவிட அதிகம் படித்தவனாக இருப்பான். அந்த வாயுவைக் காட்டும் கருவியும் இன்றைக்கு உண்டு. கையில் அடங்கும், ஆபத்து என்றால் கத்தும். அது அலமாரியில் பூட்டிக் கிடந்திருக்கும்.

நான் எழுந்தேன். அம்மா தரையிலிருந்து எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வாசலை நோக்கி நடந்தேன். அவள் வழிவிடவில்லை.

"எங்க போறீங்க? அவரோட அண்ணனும் இந்த ஊருலதான் பொண்ணு எடுத்தாரு, கோடி வூட்லதான் இருக்காரு. குடிகாரன் எங்க குடும்பத்துல பொறந்தானேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றவரு. எம் பொண்ணு கல்யாணத்துல பந்தியில வெச்சிச் சொன்னவரு. அவரு கேக்கணும். தெரு கேக்கணும். வெளிய வந்து படிங்க."

மகள் போய் அவரை அழைத்துவந்தாள். வேட்டியைத் தூக்கிக் கட்டிய கிழவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கும். சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் படியில் நின்று தாளைப் பிடித்தேன். கூட்டங்களில் பேசிப் பழகியவன். குரல் எழும்பவில்லை. தொண்டைக்குள்ளேயே படித்துமுடித்தேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, போவட்டும். படிச்சாச்சு இல்ல," என்றார். "பெரியவரு நிக்க முடியாம நிக்கறாரு. அனுப்பு."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே இன்னும் நாலைந்து பேர், என்ன கூட்டம் என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்குக் கேட்டிருக்காது," என்றாள். "திரும்பி நில்லுங்க. மொதல்லேர்ந்து படிங்க. சத்தமா."

படித்தேன்.